கே1000க்கு இரண்டாவது லென்ஸ்: மலையகத்தில் 28-ஆ, 35-ஆ, 135-ஆ?

கையில் ஒரு பழைய பென்டக்ஸ் கே1000 ஃபிலிம் கெமரா இருக்கிறது, அதோடு வந்த 50 மி.மீ. லென்ஸும் இருக்கிறது. (மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலும், கூடக் கூடத் தூரம் கிட்ட வரும்.) அடுத்து எதை வாங்குவது? இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் மறுபடியும் ஃபிலிம் பக்கம் திரும்பியிருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. தேடிப் பார்த்தால் கிடைக்கிற பதில்கள் அநேகமாகச் சமதரையில் வாழ்கிறவர்கள் எழுதியவை. "50 ஒன்றே போதும். பெரிதாக வேண்டுமென்றால் இரண்டு எட்டு முன்னால் வை, அகலமாக வேண்டுமென்றால் இரண்டு எட்டு பின்னால் வை" என்பார்கள். நம்முடைய மலையில் இரண்டு எட்டு பின்னால் வைத்தால் கால் தேயிலைக் கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், போகும். முன்னால் வைத்தால் பள்ளம். லயத்து அறைக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறைக்குள், பின்னால் போனால் சுவர் இடிக்கும். எங்கே நிற்க முடியும் என்பதை இங்கே நிலம்தான் முடிவு செய்கிறது. அதனால் நிற்கிற இடத்திலிருந்து எது எட்டும் என்று பார்த்துத்தான் லென்ஸ் வாங்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கணக்குத்தான்.

கே1000ஐ வைத்துப் பேசக் காரணம், அது 1976 முதல் 1997 வரை விற்பனையில் இருந்த கெமரா. பழைய ஸ்டூடியோக்காரர் வீட்டு அலுமாரியிலோ வெளிநாடு போய் வந்த சித்தப்பாவின் பெட்டியிலோ இன்னும் தட்டுப்படுகிறது. ஷட்டர் முழுக்க இயந்திரம், பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும். பென்டக்ஸின் எம்எக்ஸ், எம்இ வைத்திருப்பவர்களுக்கும் லென்ஸ் மாட்டுகிற மவுண்ட் அதேதான். நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 வைத்திருந்தால் லென்ஸின் பெயர் மாறும், 28, 35, 135 என்கிற கணக்கு மாறாது.

இனி நான் சொல்லப்போகிற லென்ஸ்கள் பெரும்பாலும் 70களின் பிற்பகுதியில் வந்த எஸ்எம்சி பென்டக்ஸ்-எம் வரிசையைச் சேர்ந்தவை. சின்னவை, பாரம் குறைந்தவை, கண்ணாடிப் பூச்சு நல்லது. 28இலிருந்து 135 வரை இங்கே பேசப்போகும் எல்லாவற்றுக்கும் ஒரே 49 மி.மீ. ஃபில்டர் பொருந்தும். ஒரு மூடியைத் தொலைத்தால் அடுத்ததன் மூடியைப் போடலாம். ஏற்றத்தில் பையைச் சுமந்துகொண்டு போகிறவருக்கு இது சின்ன வசதி இல்லை.

முதலில் 50ஐப் பார்த்துவிடுவோம். எம் வரிசையில் எஃப் 2, எஃப் 1.7, எஃப் 1.4 என்று மூன்று உண்டு. எஃப் எண் குறைந்தால் லென்ஸின் திறப்பு (அப்பர்ச்சர்) பெரிது, வெளிச்சம் கூட. கே1000உடன் சேர்ந்து அதிகம் வந்தது எஃப் 2. "இதைக் கொடுத்துவிட்டு 1.4 வாங்கவா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. பகலில் கதவைத் திறந்துவைத்து, லயத்து அறையின் உட்பக்கம் உட்கார்ந்திருக்கும் அப்பாயியின் முகத்தை 400 ஃபிலிமில் (எண் ஃபிலிமின் வெளிச்ச உணர்வைச் சொல்வது) எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மீட்டர் சுமாராக எஃப் 2, 1/30 வினாடி காட்டும். 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/60 இருந்தால் நல்லது, 1/30 என்றால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. எஃப் 1.7 அரை ஸ்டாப் தருகிறது, 1.4 முழு ஸ்டாப் தருகிறது, அதாவது 1/60 கிடைக்கிறது. ஆனால் அதே அப்பாயியை இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) வரச் சொல்லி, வாசல் நிலையோரம் உட்காரவைத்தால் இரண்டு ஸ்டாப் தாராளமாகக் கூடிவிடும். அந்த இரண்டு ஸ்டாப்புக்குக் காசு செலவில்லை, முகத்தில் விழுகிற வெளிச்சமும் அழகாகத் திரும்பும். ஆகவே எஃப் 2 கையில் இருந்தால் அதை மாற்ற வேண்டாம், அந்தக் காசு இரண்டாவது லென்ஸுக்குப் போகட்டும். 50 இல்லாமல் வெறும் கெமராவாகக் கிடைத்தவர் எஃப் 1.7 வாங்கலாம். 185 கிராம்தான். என் அபிப்பிராயத்தில் அந்த வரிசையிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் தருகிற லென்ஸ் அது.

1.4 வேண்டும் என்று நான் சொல்கிற ஒரே ஆள், காமன்-ரதி கதையை ஆடுகிற காமன் கூத்தைப் படம் எடுக்கிறவர். மாசி மாதம், ராத்திரி, தோட்டத்துக் கோயிலடியில் இரண்டு மூன்று பல்ப் வெளிச்சம், ஆட்டக்காரர் ஒரு நிமிஷம் நிற்க மாட்டார். ஃபிளாஷ் போட்டால் கே1000இல் 1/60தான் ஒத்துவரும். அது பரவாயில்லை, ஆனால் ஃபிளாஷ் அடித்த மறுநிமிஷம் கூத்தின் இருட்டு செத்துப்போகும், வேஷமெல்லாம் அட்டை மாதிரி தெரியும். ஃபிளாஷ் இல்லாமல், எச்பி5 அல்லது டிரை-எக்ஸ் போன்ற 400 கறுப்பு வெள்ளை ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டினால், அந்த வெளிச்சத்தில் எஃப் 2க்கு 1/60, எஃப் 1.4க்கு 1/125 வரும். காமனும் ரதியும் சுழன்று ஆடும்போது 1/60இல் கை கலங்கும், 1/125இல் விரல் தெரியும். கூத்துக்காரர்கள் கூடை தூக்குகிற, மலை ஏறுகிற உழைப்பாளிகள். அவர்கள் ஆட்டத்தைத் தெளிவாக ஒரு படம் எடுத்து வைப்பதற்கு 1.4 வாங்கினால் அது வீண் செலவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். இரண்டாவது லென்ஸ் என்றதும் எல்லோருக்கும் 28 மி.மீ. ஞாபகம் வரும். மலை அகலமானது, அகல லென்ஸ் வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் மலையைப் பொறுத்தவரை நான் நேரெதிர்ப் பக்கம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வீட்டுக்குள்.

பழைய லயத்து அறை 10 அடிக்கு 12 அடி. ஒரு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தால், நம் தலைக்கும் கெமராவுக்கும் இடம் போக மூன்று மீட்டர் சொச்சம்தான் மிஞ்சும். எதிரே இருக்கும் 10 அடிச் சுவர் 3.05 மீட்டர். மூன்று மீட்டரில் 50 மி.மீ. லென்ஸுக்குள் 2.16 மீட்டர் அகலம் விழும். சாமிப் படம் தெரிந்தால் அலுமாரி வெட்டுப்படும், அலுமாரி தெரிந்தால் கட்டிலில் இருக்கும் ஆள் போய்விடுவார். 35இல் 3.09 மீட்டர் விழும், சுவர் மூலைக்கு மூலை வந்து நிற்கும். 28இல் 3.86 மீட்டர், இரண்டு பக்கச் சுவரும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்து வரும். இதைப் பார்த்துவிட்டு 28தானே நல்லது என்று தோன்றலாம். ஆட்கள் இல்லாத அறை என்றால் சரிதான். ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்த அறையில் 28 ஓரத்து ஆட்களைப் பிடித்து இழுக்கும். ஓரத்தில் இருக்கும் அக்காவின் முகம் பக்கவாட்டில் அகலும், முன்னால் நீட்டிய கை பெரிதாகும். கெமராவைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் கதவு நிலை சாய்ந்துவிடும். அந்த வீட்டில் சுவரில் மாட்டப்போகிற படம் அது. ஓரத்தில் உட்கார்ந்ததற்காக ஒருவருடைய முகம் கோணக் கூடாது. 35 அந்த விஷயத்தில் நாணயமானது. ஆட்களை ஆட்களாகவே காட்டும்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதமே உண்டு. லயங்களுக்குப் பதிலாகத் தனித்தனி வீடுகள் எழும்புகின்றன. எழும்ப வேண்டியதுதான், எத்தனை தலைமுறை கேட்ட வீடு அது. ஆனால் வீடு மாறும்போது லயத்து அறையின் உட்பக்கம் படம் எதிலும் பதியாமலே இடிந்துபோகிறது. பல குடும்பங்களில் தாத்தாவுக்கு இருக்கிற ஒரே படம் அடையாள அட்டையில் இருக்கிற படம்தான். அடுப்பங்கரையும் சாமி மூலையும் தகரக் கூரையும் சேர்ந்த ஒரு நெகட்டிவ் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்கு ஏற்ற லென்ஸ் 35.

எம் வரிசையில் 35க்கு எஃப் 2, எஃப் 2.8 என்று இரண்டு. எஃப் 2 அரிதாகத்தான் கிடைக்கும், கிடைத்தால் விலை கூட. அறைக்குள் மேலே சொன்ன கணக்கின்படி 2.8க்கு 1/15 வரும். 35 மி.மீ.க்குக் கை தாங்குவது 1/30. ஒரு ஸ்டாப் குறைகிறது. கதவோரம் உட்காரச் சொல்வது, ஒரு தகரத்தைத் தூக்கிவிடச் சொல்வது, முதுகைச் சுவரில் அழுத்தி முழங்கையை விலாவில் ஒட்டிக்கொள்வது என்று சமாளிக்க வழி இருக்கிறது. எஃப் 2 நியாயமான விலையில் தென்பட்டால் விடாதீர்கள், இல்லையென்றால் 2.8க்காக வருத்தப்பட வேண்டியதில்லை.

அப்படியென்றால் 28 எதற்குமே வேண்டாமா? வேண்டும், சில இடங்களில் அது இல்லாமல் முடியாது. சிவனொளிபாதமலை உச்சியில் சூரியன் எழுந்ததும் மேற்குப் பக்கம் மலையின் நிழல் முக்கோணமாக விழுமே, அதை முழுதாகப் பிடிக்க 28 வேண்டும். உச்சியில் நிற்கிற கூட்டத்தில் பின்னால் நகரவும் இடமிருக்காது. தேயிலை ஸ்டோருக்குள் (தொழிற்சாலைக்குள்) கொழுந்து வாட்டுகிற மாடியின் நீளத்தைக் காட்டவும் அதுதான். தெமோதரையில் 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலம் ஏறத்தாழ 91 மீட்டர் நீளம். நேரெதிரே 100 மீட்டர் தள்ளி நின்றால் 50இல் 72 மீட்டர்தான் அடங்கும். 35இல் 103, 28இல் 129. அங்கேயும் 35 போதும் என்பதைக் கவனியுங்கள். 28க்கு இன்னொரு குணமும் உண்டு. 30 செ.மீ. வரை கிட்டப் போகும். ஒரு கொழுந்தை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, முன்னால் பெரிதாக வைத்து, பின்னால் மலைச் சரிவு முழுவதையும் விரிக்கலாம். ஆனால் எம் வரிசை 35 எஃப் 2.8உம் அதே 30 செ.மீ. போகும். வீட்டு ஆட்களும் நிலமும் இரண்டும் எடுக்கிறவர் 35 வாங்கினால் 28 இல்லாத குறை அபூர்வமாகத்தான் தெரியும்.

இனி மலை. அப்புத்தளையில் காலை ஆறரைக்கு ரோட்டோரம் நின்று தெற்கே பாருங்கள். முதல் வரிசை மலை கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது இன்னும் வெளுப்பு, கடைசியில் மலையா மேகமா என்று தெரியாத ஒன்று. கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிற அந்தக் காட்சியை 28இல் எடுத்தால் முன்னால் நாலு தேயிலைச் செடியும் பிரம்மாண்டமான வெள்ளை வானமும் வரும். மலை வரிசை நடுவில் ஒரு கோடாகக் கிடக்கும். நம் கண் அந்தக் காட்சியில் வானத்தையும் காலடியையும் விட்டுவிட்டு நடுப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதைச் செய்கிற லென்ஸ் 135. தொலை லென்ஸ் மலைகளை நெருக்குகிறது என்று சொல்வார்கள். உண்மையில் நெருக்குவது தூரம். தூரத்தில் நின்று பார்க்கும்போது மலைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காகத்தான் தெரிகின்றன, லென்ஸ் அந்த அடுக்கை மட்டும் வெட்டிக் கொடுக்கிறது. பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்தைப் பார்ப்பதுதான் நம்முடைய ஊரில் பார்வை. எதிர்மலையில் கோடு கோடாக ஓடும் கவ்வாத்து வெட்டிய நிரைகள், நடுவில் ஒற்றை லயம், அதன் மேல் அடுப்புப் புகை: இதெல்லாம் 135இன் காட்சி.

தொலைப் பக்கம் மூன்று தெரிவு இருக்கிறது: 100 எஃப் 2.8, 135 எஃப் 3.5, 200 எஃப் 4. மூடுபனிக் காலையில் 400 ஃபிலிமுக்கு எஃப் 4, 1/125 என்று மீட்டர் காட்டுவது வழக்கம். 135ஐக் கையில் பிடிக்க 1/125 போதும், ஆகவே அதன் 3.5 சரியாக அந்த எல்லைக்குள் உட்காருகிறது. 200க்கு 1/250 வேண்டும், எஃப் 4க்கு மேல் திறக்காது, ஒரு ஸ்டாப் பற்றாது. அது 405 கிராம், 135 வெறும் 270 கிராம். லிப்டன் சீட்டிலும் ஹோட்டன் சமவெளியிலும் அடிக்கிற காற்றில் 200ஐக் கையில் பிடித்து நிற்பதே பாடு. ஸ்டாண்ட் கொண்டுபோகிறவர் 200 வாங்கட்டும், மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அதன் ஃபில்டர் அளவும் 52 மி.மீ., மற்றவற்றோடு சேராது.

100க்கும் 135க்கும் இடையில்தான் உண்மையான யோசனை. 100 எஃப் 2.8 ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் தரும், ஒரு மீட்டர் வரை கிட்டப் போகும், 225 கிராம், முகப்படத்துக்குப் பொன்னான லென்ஸ். 135 ஒன்றரை மீட்டருக்குக் கிட்டே போகாது. ஆனால் சந்தையில் 135 தாராளம், விலையும் குறைவு. ஒரு காலத்தில் 50க்கு அடுத்தபடி எல்லோரும் வாங்கியது அதைத்தான். இழுத்து விடுகிற ஹூட் லென்ஸிலேயே இருக்கிறது, தூறல் நேரத்தில் கண்ணாடியில் துளி விழாமல் காக்கும். இன்னொரு கணக்கு: 20 மீட்டர் தள்ளி, கீழ் நிரையில் கொழுந்து பறிக்கிற ஐந்தேகால் அடி ஆள் 50இல் ஃபிலிமின் மேல் 4 மி.மீ. உயரம் வருவார். ஃபிலிமின் உயரம் 24 மி.மீ. 100இல் 8, 135இல் கிட்டத்தட்ட 11. ஆளும் அவரைச் சுற்றி மலையும் சேர்ந்து தெரிவதற்கு 135 தருகிற அளவுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆட்களை அதிகம் எடுக்கிறவர் 100, நிலத்தை அதிகம் எடுக்கிறவர் 135.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. டிக்கோயாப் பக்கம் ஒரு மலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் கேட்டார்: "ரோட்டுல வேனை நிப்பாட்டி இம்மாம் பெரிய லென்ஸ வச்சு எடுத்துட்டுப் போயிர்றாங்க தம்பி. எங்க மூஞ்சி எந்த ஊர்ல கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?" நியாயமான கேள்வி. இடுப்பில் படங்குச் சாக்கும் முதுகில் கூடையுமாக நிற்கிற பெண் நம்முடைய அம்மா, சித்தி. 135ஐ மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆள் வரலாம், அடையாளம் தெரியாத தூரத்தில். முகம் எடுப்பதென்றால் 35ஐயோ 50ஐயோ மாட்டிக்கொண்டு இறங்கிப் போய், பெயர் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு எடுங்கள். அடுத்த தடவை போகும்போது ஒரு பிரதியைக் கையில் கொடுங்கள். 35 வாங்கச் சொல்வதற்கு இதுவும் எனக்கு ஒரு காரணம். பேசுகிற தூரத்தில் நிற்காமல் அந்த லென்ஸில் முகம் எடுக்க முடியாது.

பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்துக் கல்லறையில் ஜூலியா மார்கரெட் கெமரன் அடக்கமாகியிருக்கிறார். 1863 கடைசியில், 48 வயதில், மகள் பரிசாகக் கொடுத்த கெமராவில் தொடங்கியவர். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தார். முகப்படக் கலையில் உலகம் இன்றுவரை அவரைப் பேசுகிறது. அவருடைய முதல் லென்ஸ் ஜமென் என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது. படம் முழுக்கக் கூராக வராது, ஒரு கண் தெளிந்தால் காது கலங்கும். அவர் காலத்துப் புகைப்படக்காரர்கள் அதைக் குறை சொன்னார்கள். நம் கையில் இருக்கிற எந்த எம் லென்ஸும் அதைவிடப் பல மடங்கு கூர்மை. ஆகவே இந்த லென்ஸின் ஓரம் கூராக இருக்கிறதா, அந்த லென்ஸின் மூலை இருட்டாகிறதா என்று சோதனை அட்டவணைகளைப் பார்த்துக்கொண்டே மாதங்களைக் கழிக்க வேண்டாம். அவர் இலங்கையில் எடுத்த படங்களில் ஒன்றின் தலைப்பு களுத்துறைக் குடியானவர் குழு என்று மட்டும் இருக்கிறது, அதில் நிற்கிறவர்களுக்குப் பெயர் இல்லை. ரோல் முடிந்ததும் ஒரு கொப்பியில் யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று எழுதிவைக்கிற பழக்கம் லென்ஸைவிட முக்கியம்.

மவுண்ட் அடப்டர் போட்டு பழைய எம்42 திருகு லென்ஸ்களைப் பாவிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. எம்42க்கும் கே மவுண்டுக்கும் ஃபிலிமிலிருந்து லென்ஸ் இருக்கும் தூரம் ஒன்றேதான், 45.46 மி.மீ. அதனால் மவுண்டோடு ஒட்டி உட்காரும் அடப்டரில் எதிர்மலை வரை ஃபோகஸ் வரும். விளிம்பு தடித்த மலிவு அடப்டர் என்றால் வராது, அதைப் பார்த்து வாங்குங்கள். பென்டக்ஸின் பழைய எம்42 லென்ஸ்களான டாக்குமார் கட்டுமானத்தில் எம் வரிசையைவிட உறுதி, ஃபோகஸ் வளையம் வெண்ணெய் மாதிரி சுழலும். தொல்லை என்னவென்றால் அப்பர்ச்சரை நீங்களே மூடி மீட்டர் பார்க்க வேண்டும், மூடினால் நாம் பார்க்கிற கண்ணாடிக்குள் இருட்டும். மூடுபனி நேரத்தில் அது எரிச்சல். டாக்குமார் 50 எஃப் 1.4இன் பிந்திய வகைகளில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது, வருஷங்கள் போக மஞ்சளாகும். சில நாள் வெயிலில் வைத்தால் மஞ்சள் இறங்கும். சோவியத் நாட்டு ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப் 2, பின்னால் இருக்கும் இலைகளைச் சுழல வைக்கும். தேயிலைச் செடிக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுத்தால் அந்தச் சுழல் நன்றாகவே விழும். மலிவாகக் கிடைத்தால் ஆசைக்கு வாங்கலாம், இரண்டாவது லென்ஸாக வேண்டாம்.

ஜூம்? 80-200 எஃப் 4.5 போன்றவை நிறையக் கிடைக்கும். பாரம், இருட்டு. விட்டுவிடுங்கள். புதிய பென்டக்ஸ் லென்ஸ் வாங்குகிறவர் அப்பர்ச்சர் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளையம் இல்லாதது கே1000இல் உதவாது.

எந்த லென்ஸ் என்று முடிவு செய்த பிறகு எந்தப் பிரதி என்று பார்ப்பது இங்கே இன்னும் பெரிய வேலை, காரணம் ஃபங்கஸ். மேற்குச் சரிவில் மே முதல் செப்டம்பர் வரை மழை, ஊவாப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. இரண்டு பக்கமும் மூடுபனிக்குக் குறைவில்லை. நுவரெலியாவில் அலுமாரிக்குள் வைத்த தோல் செருப்பே பூஞ்சணம் பிடிக்கும்போது லென்ஸ் தப்புமா? வாங்கும்போது இரண்டு மூடியையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அது பாதகமில்லை. ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கிளைவிட்டு ஓடுகிற மெல்லிய நூல் தெரிந்தால் ஃபங்கஸ். ஓரத்தில் கொஞ்சம் என்றால் சுத்தம் செய்யலாம். நடுவுக்கு வந்து பூச்சை அரித்திருந்தால் நூலைத் துடைத்தாலும் தழும்பு நிற்கும். நூல் இல்லாமல் முழுக்க மங்கலாக, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோலத் தெரிந்தால் உள்ளே எண்ணெய்ப் படலம். நம் ஊர்க் காட்சியே வெளுப்பு, அதில் மங்கல் லென்ஸையும் மாட்டினால் கறுப்பு என்ற ஒன்றே படத்தில் இருக்காது. அதனால் கீறல் உள்ள லென்ஸை வாங்கினாலும் வாங்குவேன், மங்கல் லென்ஸை வாங்க மாட்டேன். அப்புறம், அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுங்குகிறதா, லீவரைத் தட்டினால் டக்கென்று மூடித் திறக்கிறதா பாருங்கள். கொழும்பு வெக்கையில் இலகுவாகச் சுழல்கிற ஃபோகஸ் வளையம் நுவரெலியா ஜனவரிக் காலையில் இறுகிவிடும், பழைய கிரீஸ் குளிரில் கட்டியாகும். ஆகவே கடையிலேயே கொஞ்சம் இறுக்கமாக இருப்பதை எடுக்காதீர்கள்.

வீட்டில் தோல் உறைக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று. 40 முதல் 50 சதவீதத்தில் நின்றால் நிம்மதி, 60ஐத் தாண்ட விடாதீர்கள். ஜெல் நிறம் மாறியதும் தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்து ஆறவைத்துப் போடலாம். அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் காயும் என்று சிலர் வைக்கிறார்கள். புகையும் எண்ணெயும் சேர்ந்து ஏறும், வேண்டாம். குளிரில் எடுத்துவிட்டு வந்ததும் பையைத் திறக்காமல் அரை மணி விடுங்கள், இல்லையென்றால் உள்கண்ணாடியில் வியர்க்கும்.

ஃபில்டர் பற்றி ஒரு சொல். சிவப்பு ஃபில்டர் மூடுபனியை வெட்டும் என்பது தவறு. தூரத்து நீலப் புகையை வெட்டும். மூடுபனி நீர்த்துளி, எல்லா நிறத்தையும் ஒன்றாகவே சிதறடிக்கும். கறுப்பு வெள்ளையில் தேயிலை இருண்டு கிடக்காமல் பச்சை வெளுத்து எழும்ப வேண்டுமென்றால் பச்சை ஃபில்டர் நல்லது. மூடுபனியில் மீட்டர் வெள்ளையைப் பார்த்து ஏமாந்து குறைத்துச் சொல்லும், ஒரு ஸ்டாப் கூடத் திறவுங்கள்.

ஆக, என்னைக் கேட்டால் 35 எஃப் 2.8 முதலில். வீட்டையும் ஆட்களையும் எடுக்காமல் நிலத்தை மட்டும் எடுக்கிறவர் என்றால் 135 எஃப் 3.5 முதலில். வசதி வரும்போது மற்றது. 28 மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும்.

வாங்கிய கிழமையே ஒரு ரோல் சோதனைக்குப் போடுங்கள். எதிர்மலையை முடிவிலியில் வைத்து, முழுக்கத் திறந்து ஒன்று, எஃப் 8இல் ஒன்று. சூரியன் படத்துக்குச் சற்று வெளியே இருக்க ஒன்று, மங்கல் இருந்தால் அதில் தெரியும். மிகக் கிட்டிய தூரத்தில் வீட்டில் யாராவது ஒருவருடைய கண்ணில் ஃபோகஸ் வைத்து ஒன்று. எந்தப் படம் எந்த அப்பர்ச்சர் என்று கொப்பியில் குறியுங்கள். கழுவி வந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எஃப் 8இலும் எதிர்மலை கூராக வரவில்லையென்றால் யாரோ கழற்றித் திரும்பப் பூட்டும்போது பிழை விட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்த லென்ஸை வைத்துக்கொண்டிருக்காமல் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.